தொலேதோவும் வெள்ளிமலையும்

ஸ்பெயின் தேசத்து ஓரோபேசா நகரிலே, அவ்வூர்ப் பிரபுவின் குமாரராய் 1515-ஆம் ஆண்டிற் பிறந்தவர் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. மணம் புரியாதவர், உழைப்பிற் சலியாதவர். இரண்டாம் பிலிப் மன்னரின் பிரதிநிதியாகப் பெரு நாட்டை ஆள 1569-இல் லீமா நகரை அடைந்தார்.

அந்நாட்டிற்கு உயிர்நாடியாயிருந்தது, இன்று பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலை. அங்கே 1545-இல் வெள்ளி கண்டறியப்பட்டது. மேற்பரப்பில் இருந்த வளமான தாதுவைப் பூர்வகுடிகள் தம் சிறு காற்றுலைகளில் உருக்கி வந்தனர். கால் நூற்றாண்டிற்குள் அது அருகிவிட்டது. மன்னரின் பொக்கிஷமோ ஐந்திலொரு பங்கை எதிர்நோக்கி நின்றது.

தொலேதோ மாளிகையில் அமர்ந்து ஆணையிட்டாரல்லர். 1570 முதல் ஐந்தாண்டுகள் மலைநாடெங்கும் சுற்றினார். தாதுவைப் பொடித்து, உப்பும் பாதரசமும் கூட்டிப் பிசைந்தால் வெள்ளி பாதரசத்தோடு சேரும். சூடேற்றிப் பாதரசத்தைப் போக்கினால் வெள்ளி நிற்கும். மெக்ஸிக்கோவில் முன்னரே வழங்கிய இம்முறையைப் பொத்தோசியில் நாட்டினார். பாதரசம் பெருவிலேயே, உவான்காவெலிக்காச் சுரங்கத்திற் கிடைத்தது. தாதுவை இடிக்கும் ஆலைகளைச் சுழற்ற ஏரிகள் அமைக்கப்பட்டன, நாணயசாலையும் எழுந்தது.

இனி ஆட்கள் வேண்டுமே! இன்கா அரசர் காலத்து மீத்தாவை அவர் கையிலெடுத்தார். முறை என்பதே அச்சொல்லின் பொருள். பண்டு அது பொதுப்பணிக்கு உரியது. உழைத்தோரை அரசே உண்பித்தது. தொலேதோவின் மீத்தாவோ பதினாறு மாகாணங்களின் ஆடவரில் ஏழிலொருவரைச் சுரங்கத்திற்கு இழுத்தது. ஆண்டுதோறும் 13,000-க்கு மேற்பட்டோர், மனைவி மக்களோடு வாரக்கணக்கில் நடந்து, அக்குளிர்மலையை அடைந்தனர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தோலேணிகளின் மீது, தாதுமூட்டையைச் சுமந்தேறினர். கூலி சொற்பம். ஊர் திரும்பாதார் பலர். பாதரசச் சுரங்கத்தின் கதி இதனினுங் கொடிது.

இக்கட்டாயம் நீதியோவென்ற ஐயம் தொலேதோவிற்கும் எழாமலில்லை. 1570-இல் லீமாவில் குருமாரையும் நியாயாதிபதிகளையும் கூட்டி வினவினார், பொதுநன்மைக்காகத் தகுமென்றனர். அவ்வாறு உடன்பட்ட அத்தியட்சர் லோவாய்சா பின்னர்த் தம் சம்மதத்தை மீட்டுக்கொண்டார். தொலேதோ மீட்கவில்லை. 1572-இல் கடைசி இன்காவாகிய தூப்பாக் அமாருவைக் குஸ்கோ நகரிற் சிரச்சேதம் செய்வித்தபோதும், குருமார் மன்றாடியும் அவர் இளகினாரல்லர்.

கொடியவரென்று ஒரே சொல்லில் இவரை ஒதுக்க நம் மனம் ஒவ்வவில்லை. சோம்பலான ஆளுநர் ஒருவர் வந்திருப்பின் அம்மக்கள் இத்துணை துன்புற்றிரார் போலும்!

வெள்ளி கடல்கடந்து பெருகியது. ஆயினும் போர்ச்செலவு அதனை விழுங்க, பிலிப் மன்னர் 1575-லும் 1596-லும் கடன் தீர்க்கவியலாது கைவிரித்தார். தொலேதோ 1581-இல் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டே எஸ்கலோனாவில் மரித்தார். அவர் வகுத்த மீத்தாவை ஸ்பானிய மன்றம் ஒழித்தது 1812-இல்.