உலகின் முதல் பெண் பிரதமர்

உலகத்திலேயே முதன்முதலில் பிரதமரான பெண் யார்? பொது அறிவுப் போட்டியில் கேட்டால் நம்மில் பாதிப் பேர் இந்திரா காந்தி என்றுதான் சொல்வோம். ஆனால் இந்திரா காந்தி பிரதமரானது 1966-ல். அதற்கு ஆறு வருஷம் முன்னாடியே பக்கத்துத் தீவான இலங்கையில் ஒரு அம்மா பிரதமர் ஆகிவிட்டார். அவர் பெயர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. இலங்கை சின்ன நாடு, நம்ம தமிழ்நாட்டில் பாதி அளவுதான் இருக்கும். அப்போது சிலோன் என்று பெயர்.

இவர் 1916 ஏப்ரல் 17-ல் பெரிய நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். கொழும்பில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். ஆனா கடைசிவரை புத்த மதம்தான். 1940-ல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவுடன் கல்யாணம். இரண்டு பெண், ஒரு பையன். கணவர் 1956-ல் பிரதமரானார். 1959 செப்டம்பர் 25-ல் வீட்டுக்கு வந்த ஒரு புத்த பிக்கு அவரைத் துப்பாக்கியால் சுட்டார். மறுநாள் இறந்துபோனார்.

அதுவரை சிறிமாவோ கிராமத்துப் பெண்கள் சங்க வேலை பார்த்தாரே தவிர, எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. கட்சிக்காரர்கள் அவரைத் தலைவராக்கினார்கள். அழுதே ஓட்டு வாங்கப் பார்க்கிறார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்தார்கள். கேலி பலிக்கவில்லை, கட்சி ஜெயித்தது. 1960 ஜூலை 21-ல் பதவி ஏற்றார். அந்தத் தேர்தலிலும் அவர் நிற்கவில்லை. செனட் என்ற மேல்சபை வழியாகத்தான் பிரதமராக இருந்தார்.

இதுவரைக்கும் படிக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கு மேலே படிக்கப் படிக்க மனசு கஷ்டமாகிவிட்டது.

1961-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை அவர் முழுசாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் தமிழர்கள் அரசு அலுவலகங்கள் முன்னால் உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார்கள். அவர் ராணுவத்தை அனுப்பினார்.

மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம ஊர்ப்பக்கமிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1948-லேயே அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை இல்லாமல் போச்சு. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். மூட்டையை எண்ணிப் பங்கு போடுகிற மாதிரி மனுஷங்களைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இதில் நம்ம பிரதமர்களுக்கும் பங்கு உண்டு, அவரை மட்டும் சொல்லக் கூடாது.

அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பார்த்தே இராத ஊர்தான் சொந்த ஊர் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது.

இன்னொரு விஷயம் நாம் எல்லாரும் கவனிக்க வேண்டியது. 1970-ல் அவர் மறுபடி பிரதமரானார். அந்த ஆட்சியில் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படிக்க, தமிழில் பரீட்சை எழுதின மாணவர்கள் சிங்களத்தில் எழுதினவர்களைவிட அதிக மார்க் எடுக்கணும் என்று வைத்தார்கள். ஒரு பெண் ஆண்டால் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

நல்லதும் நடந்தது. ஒருத்தர் 50 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1972-ல் சட்டம் போட்டார். அவரே நிலக்கிழார் வீட்டுப் பெண் என்பதால் இது பெரிய காரியம்தான். அதே வருஷம் நாடு குடியரசாகி இலங்கை என்று பெயர் மாறியது.

1977-ல் படுதோல்வி. 1980-ல் அடுத்த ஆட்சிக்காரர்கள் ஏழு வருஷத்துக்கு அவருடைய குடியுரிமைகளைப் பறித்தார்கள். அப்போது அவருக்கு மலையக ஜனங்கள் ஞாபகம் வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன்.

இதற்கிடையில் 1978-ல் புது அரசியல் சட்டம் வந்து, அதிகாரம் எல்லாம் ஜனாதிபதியிடம் போய்விட்டது. 1994-ல் மகள் சந்திரிகா ஜனாதிபதி ஆனார். அம்மா மூன்றாவது முறை பிரதமர். அதே பதவிதான், ஆனா பழைய அதிகாரம் இல்லை. ஆபீசில் மகள்தான் மேலே. வீட்டில் யார் சொல்லை யார் கேட்டார்களோ!

உடம்பு முடியாமல் 2000 ஆகஸ்டில் பதவி விலகினார். அக்டோபர் 10 தேர்தல் நாள். 84 வயசில் போய் ஓட்டுப் போட்டார். திரும்பி வரும் வழியிலேயே மாரடைப்பு வந்து இறந்தார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, வெள்ளானூர்