மிதிவண்டியில் தொடங்கி இமயத்தில் ஏறிய மங்கை

நம் பள்ளி மாணவியருள் பலர் நாள்தோறும் மிதிவண்டியில் வருகின்றனர். மணி அடிக்குமுன் வந்து சேர வேண்டுமே என்ற கவலை ஒன்றைத் தவிர, அதில் ஏறி அமர நமக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மிதிவண்டியில் ஏறினால் மேலைநாடுகளிலேயே ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. அந்நாளில் காடுகளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் பழம்பெரும் நகரங்களையும் மிதிவண்டியிலேயே கடந்து, நம் நாட்டின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை சென்ற ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்தாம் ஃபேனி புல்லக் வொர்க்மன் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரில் 1859ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் ஃபேனி பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் புல்லக் அம்மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவர். செல்வக் குடும்பம். வீட்டிலேயே ஆசிரியைகள் வந்து கற்பித்தனர். பின்னர் நியூயார்க்கிலும், பாரிஸிலும், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலும் கல்வி பயின்றார். அக்காலச் செல்வர் வீட்டுப் பெண்களைப் போல நல்ல உடை, நல்ல விருந்து என்று காலத்தைக் கழித்திருந்தால், இன்று நாம் அவரை நினைக்கக் காரணமே இருந்திராது.

1882இல் வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்னும் மருத்துவரை மணந்தார். கணவர் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மலை ஏறும் ஆசையை அவர்தாம் மனைவிக்கு ஊட்டினார். உடல்நலம் குன்றியதால் மருத்துவத் தொழிலை விட்ட அவர், 1889 அளவில் குடும்பத்தோடு ஐரோப்பாவில் குடியேறினார். மகள் ரேச்சல், மகன் சீக்ஃபிரீட் என இரு செல்வங்கள். ஆனால் 1893இல் சிறுவன் சீக்ஃபிரீட் காய்ச்சல் கண்டு இறந்தான். அந்தத் துயரத்துக்குப் பின்னரே அம்மையார் நெடும் பயணங்களில் முழுமையாக இறங்கினார் என்பதை நாம் மறக்கலாகாது.

மிதிவண்டிப் பயணங்கள்

இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்த மிதிவண்டியை ஜான் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் 1885இல் உருவாக்கினார். 1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைச் செய்து முடித்தார். இவ்விரண்டும் சேர்ந்ததால் பெண்களும் நெடுந்தூரம் மிதிக்கலாம் என்ற நிலை வந்தது. அந்த வாய்ப்பை வொர்க்மன் தம்பதியர் உடனே பற்றிக்கொண்டனர்.

முதலில் சுவிட்சர்லாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் சுற்றினர். பின்பு வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவில் அட்லஸ் மலைகளைக் கடந்து சஹாரா பாலைவனம் வரை சென்றனர். 1895இல் கோட்டைகளும் பேராலயங்களும் நிறைந்த ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல் மிதித்தனர். நாளொன்றுக்குச் சராசரி 45 மைல்; சில நாள்களில் 80 மைல் வரை! இவ்வளவும் கணுக்கால் வரை தொங்கும் பாவாடை அணிந்துகொண்டு என்றால் நமக்கு வியப்பு மேலிடுகிறதல்லவா?

நம் நாட்டில்

1897இல் அவர்கள் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டனர். அப்போது அம்மையாருக்கு வயது முப்பத்தெட்டு. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளில் 1899 வரை அவர்கள் கடந்த தொலைவு ஏறக்குறைய 14,000 மைல்.

தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, பாலாடைக்கட்டி, தகரத்தில் அடைத்த இறைச்சி, குடிநீர், ஆளுக்கொரு போர்வை, தலையணை, எழுதுபொருள்கள், மருந்துப் பெட்டி, வண்டி பழுதுபார்க்கும் கருவிகள் - இவையே அவர்களுடைய உடைமைகள். இரவில் பயணியர் பங்களாக்களிலும் புகைவண்டி நிலையங்களின் தங்கும் அறைகளிலும் படுத்துறங்கினர். நம் நாட்டுச் சாலைகளின் முள்ளை நாம் அறிவோம். ஒரே நாளில் நாற்பது முறை வரை சக்கரம் பஞ்சராகியதும் உண்டு. ஒவ்வொரு முறையும் இறங்கி, டியூபை வெளியே எடுத்து, ஓட்டையைத் தேடி, ஒட்டுப்போட்டு, காற்றடித்து மீண்டும் ஏற வேண்டும். இருபது ஒட்டுக்குப் பின் நம்மில் எத்தனை பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பியிருப்போம்!

இந்தப் பாடுகளை அவர்கள் ஏற்றது நம் கோயில்களையும் பழைய நகரங்களையும் காண்பதற்காகவே. கட்டடங்களைக் கண்டால் மட்டும் போதாது, அவற்றைக் கட்டியவர்களின் உள்ளத்தையும் அறிய வேண்டும் என்று எண்ணி, இராமாயணம், மகாபாரதம், புத்த ஜாதகக் கதைகள் ஆகியவற்றையும் படித்தனர். நகரும் காடும் கடந்த அந்தப் பயணத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய நூல் 1904இல் புகைப்படங்களுடன் வெளிவந்தது.

மலை அழைத்தது

1898இன் கோடையில் சமவெளியின் வெப்பம் தாளாமல் அவர்கள் காஷ்மீரத்துக்குச் சென்றனர். இமயத்தைக் கண்ட கண்கள் அதன் பின் வேறெதையும் நாடவில்லை. மிதிவண்டியை விட்டுவிட்டுப் பனிமலையில் கால் வைத்தனர். 1912 வரை எட்டு முறை இமயத்திலும் காரகோரம் மலைகளிலும் அவர்கள் பயணம் செய்தனர். ஓர் ஆண்டு ஒருவர் ஏற்பாடுகளைக் கவனித்தால், மற்றவர் புகைப்படம் எடுப்பதும் அளவைகள் எடுப்பதுமாக இருப்பார்; அடுத்த முறை பொறுப்பு மாறும். கணவனும் மனைவியும் சமமாக உழைத்தனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

1899இல் தாம் ஏறிய ஒரு சிகரத்துக்கு, மறைந்த மகன் சீக்ஃபிரீடின் பெயரை இட்டனர். 1906இல் நுன்-குன் மலைத்தொகுதியில் 22,700 அடிக்கு மேற்பட்ட பினாக்கிள் சிகரத்தில் அம்மையார் ஏறினார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. 1934 வரை எந்தப் பெண்ணும் அந்த உயரத்தை மிஞ்சவில்லை. 1912இல் சுமார் 45 மைல் நீளமுள்ள சியாச்சென் பனியாற்றை அளந்து வரைபடமாக்கும் குழுவை நடத்தினார். அங்கே ஏறக்குறைய 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகை ஒன்றைக் கையில் விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பெண்ணால் முடியாது என்பவருக்கு அவர் அளித்த விடை அந்தப் படமே.

அறிஞர் அவைகளும் அவருக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. 1905இல் இலண்டன் அரச புவியியல் கழகத்தில் உரையாற்றினார். அவருக்கு முன் அங்கே பேசிய பெண் இசபெல்லா பேர்டு ஒருவரே. பாரிஸ் சார்போன் பல்கலைக்கழகத்தில் உரை நிகழ்த்திய முதல் அமெரிக்கப் பெண்மணியும் இவரே.

நிறையும் குறையும்

பெரியோர் வரலாற்றைக் கூறும்போது நிறையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையன்று. அம்மையாரிடம் பிடிவாதம் மிகுதி. 1908இல் ஆனி பெக் என்னும் மற்றோர் அமெரிக்கப் பெண் தென் அமெரிக்காவில் தம்மைவிட உயரமான சிகரத்தில் ஏறியதாகக் கூறியபோது, பெரும்பொருள் செலவிட்டுப் பொறியாளர்களை அனுப்பி அச்சிகரத்தை அளக்கச் செய்தார். சிகரம் தாழ்ந்தது என்று தெரிந்தது; அவருடைய சாதனை நிலைத்தது. மகள் ரேச்சலோ தாயைப் பிரிந்து இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் வளர்ந்தாள்.

நம் உள்ளத்தை உறுத்துவது இன்னொன்று. அவர் நம் கோயில்களைக் கண்ட அளவுக்கு நம் மக்களைக் காணவில்லை. மலையில் அவருடைய மூட்டைகளைச் சுமந்த ஏழைக் கூலிகளோடு ஓயாத பிணக்கு. குளிரிலும் பசியிலும் தயங்கியவர்களை அவர் சோம்பேறிகள் என்றே எண்ணினார். சியாச்சென் பயணத்தில் பனிப்பிளவில் விழுந்து உயிர்நீத்த இத்தாலியர் செசாரே செனோஸ், அளவைப் பணியில் உதவிய நம் நாட்டவர் சர்ஜன் சிங் போன்ற சிலரின் பெயர்களே நமக்குத் தெரிகின்றன. பெண்ணின் செயல் ஏட்டில் பதிய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் போராடியவர், தம் சுமையைத் தூக்கியவர்களின் பெயரைப் பதிய மறந்தார்.

இறுதிக் காலம்

பிரான்சின் கான் நகரில் நெடுநாள் நோயுற்றிருந்து, 1925 ஜனவரி 22ஆம் நாள் அவர் காலமானார். தம் நாட்டுப் பெண்கள் 1920இல் வாக்குரிமை பெற்றதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. ராட்கிளிஃப், வெல்லஸ்லி, ஸ்மித், பிரின் மார் என்னும் நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதி வைத்துச் சென்றார். மகள் ரேச்சலும் நிலவியல் அறிஞராகி, 1919இல் இலண்டன் நிலவியல் கழகம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண்களுள் ஒருவரானார்.

அன்பு மாணவியரே, நாம் எல்லோரும் இமயம் ஏற வேண்டுவதில்லை. ஆனால் நாற்பதாவது பஞ்சருக்கும் ஒட்டுப்போட்டுவிட்டு மீண்டும் வண்டியில் ஏறும் மனவுறுதி, கணக்குப் பாடத்துக்கும் வேண்டும், வாழ்க்கைக்கும் வேண்டும். அதை அம்மையாரிடம் கற்போம். நமக்காகச் சுமை தூக்குகிறவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டறிந்து நன்றி கூறும் பண்பை, அவர் விட்ட இடத்திலிருந்து நாமே தொடங்குவோம். உறுதியும் பரிவும் இரு சக்கரங்கள். ஒன்று இல்லாமல் மற்றொன்று ஓடாது.