கலத்தின் சிக்கனத்தை விளக்கிய ஜாக் மொனோ

மாணவர்களே, நொதியங்கள் யாவும் பெரும்பாலும் புரதங்களே என்பதை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஒரு புரதத்தைத் தொகுப்பதற்குக் கலம் சக்தியைச் செலவிட வேண்டும். தேவையற்ற நொதியங்களையும் எந்நேரமும் ஆக்கிக்கொண்டிருக்கும் கலம், உணவு குறையும் வேளையில் பிழைப்பது அரிது. இவ்வீண்செலவைக் கலம் எவ்வாறு தவிர்க்கின்றது என்பதை விளக்கியவர்களுள் ஒருவர் பிரான்சிய உயிரியலாளர் ஜாக் மொனோ ஆவார்.

இவர் 1910 பெப்ரவரி 9 ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஓர் ஓவியர், தாயார் அமெரிக்கர். தென் பிரான்சிலுள்ள கான் நகரில் வளர்ந்தார். சிறுவயதில் இளம்பிள்ளைவாத நோய் இவரது காலொன்றைப் பலவீனமாக்கியது. எனினும் மலையேறுவதிலும் பாய்மரப் படகு செலுத்துவதிலும் இவர் பின்நிற்கவில்லை. இசையிலும் மிகுந்த ஈடுபாடு உடையவராக விளங்கினார்.

பாரிஸின் சோபோன் பல்கலைக்கழகத்தில் இவர் பற்றீரியாக்களின் வளர்ச்சியை ஆராய்ந்தார். குளுக்கோசும் இலற்றோசும் கலந்த ஊடகமொன்றில் ஈ. கோலை பற்றீரியாவை வளர்ப்பதாகக் கொள்ளுங்கள். அது முதலில் குளுக்கோசை மட்டும் உபயோகித்து விரைவாகப் பெருகும். குளுக்கோசு தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். சிறிது நேரத்தின் பின் இலற்றோசை உபயோகித்து மீண்டும் பெருகத் தொடங்கும். இத்தகைய இருபடி வளர்ச்சியை மொனோ 1941 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் விபரித்தார். இடையில் வளர்ச்சி ஏன் நிற்கின்றது என்ற வினாவே இவரது வாழ்நாள் ஆய்வாயிற்று.

அக்காலத்தில் பாரிஸ் ஜேர்மனியப் படைகளின் பிடியில் இருந்தது. மொனோ இரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் இணைந்தார். பிடிபட்டால் மரணம் என்பதை அறிந்திருந்தும் பணியைக் கைவிடவில்லை. சோபோனில் தங்குவது ஆபத்தானதும், பாஸ்ச்சர் நிறுவகத்தில் ஆந்த்ரே லுவோவின் ஆய்வுகூடத்தில் பரிசோதனைகளைத் தொடர்ந்தார்.

போரின் பின் பிரான்சுவா ஜக்கோப்புடன் இணைந்து, 1961 இல் இவர் விடையை வெளியிட்டார். இலற்றோசு இல்லாதபோது, அதனை உடைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகை ஒரு தடுப்பு மூலக்கூறு மூடிவைத்திருக்கும். இத்தடுப்பான் ஒரு புரதம் என்பது 1966 இல் அறியப்பட்டது. இலற்றோசு கலத்தினுள் புகுந்ததும், அதிலிருந்து உண்டாகும் பதார்த்தமொன்று தடுப்பானுடன் இணைந்து அதனை அகற்றும். உடனே தூது ஆர்.என்.ஏ. உருவாகும், இறைபோசோம்களில் நொதியம் தொகுக்கப்படும்.

குளுக்கோசு இருக்கும்வரை இப்பரம்பரையலகு மிகக் குறைவாகவே தொழிற்படும். குளுக்கோசு தீரும்போது கலத்தில் வட்ட ஏ.எம்.பி. என்னும் பதார்த்தம் அதிகரித்து, நொதிய ஆக்கத்தைத் தூண்டும். இதனை மொனோவும் அக்னெஸ் உல்மானும் 1968 இல் காட்டினர்.

1965 இல் மொனோ, ஜக்கோப், லுவோவ் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. 1971 இல் பாஸ்ச்சர் நிறுவகத்தின் பணிப்பாளரான மொனோ, 1976 மே 31 இல் கான் நகரில் காலமானார்.

மாணவர்களே, பற்றீரியா வளர்ச்சி வரைபொன்றின் நடுவே தட்டையான பகுதியைக் கண்டால் அதனைத் தவறெனத் தள்ளிவிடாதீர்கள். வெளியே வளர்ச்சி நின்றிருக்கும் அந்நேரத்தில், எஞ்சிய சக்தியைக் கொண்டு கலம் புதிய நொதியத்தை ஆக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டையான பகுதியைப் புறக்கணிக்காமையே மொனோவின் வெற்றிக்கு வழிவகுத்தது.