கொரோனா வைரஸ் சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஏன் தெரியாது? 150 ஆண்டுகளுக்கு முன்பே விடை சொன்ன மில் தொழிலாளி மகன்!

பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். ஆனால் கொரோனா வைரஸின் உருவத்தைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு பெரிதாக்கினாலும் பார்க்க முடியாது. ஏன்? இதற்கான விடையை 1873-லேயே சொல்லிவிட்டார் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே.

யார் இந்த அபே?

1840-ல் ஐசனாக் நகரில் பிறந்தவர். அப்பாவுக்கு நூற்பாலையில் தினமும் 14 முதல் 16 மணி நேர வேலை. மகன் கொண்டுபோகும் மதியச் சாப்பாட்டை மெஷின் பக்கத்தில் நின்றபடியே அவசர அவசரமாகச் சாப்பிடுவாராம். உதவித்தொகையில் படித்து ஜெனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார் அபே.

கண்டுபிடித்தது என்ன?

அதே ஊரில் மைக்ராஸ்கோப் பட்டறை நடத்திவந்த கார்ல் சைஸ், 1866-ல் அபேயைத் துணைக்கு அழைத்தார். அதுவரை லென்ஸ் செய்வதெல்லாம் குத்துமதிப்புதான். சரியாக வரும்வரை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பார்கள். அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார் அபே.

கூடவே ஓர் எல்லையும் தெரிந்தது. ஒளி, அலையாகப் பரவுகிறது. அந்த அலைநீளத்தில் சுமார் பாதியை விட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள், கலைந்த கோலப்புள்ளிகள் மாதிரி ஒன்றாகிவிடும். அந்த எல்லை சுமார் 200 நானோமீட்டர். கொரோனா வைரஸோ சுமார் 100 நானோமீட்டர்தான்!

முதலாளியானதும் என்ன செய்தார்?

சைஸ் நிறுவனத்தின் பங்குதாரராகி, பெரும் செல்வந்தரானார் அபே. ஆனால் அப்பா நின்றபடி சாப்பிட்டதை மறக்கவில்லை. 1889-ல் கார்ல் சைஸ் அறக்கட்டளையைத் தொடங்கி, பிறகு தன் பங்குகளையே அதற்கு எழுதிக்கொடுத்தார். தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் வந்தன. 1900-ல் 9 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கினார், சம்பளத்தைக் குறைக்கவில்லை. உற்பத்தி படுத்துவிடும் என்ற பயம்தான் அப்போது பலருக்கும். உற்பத்தி குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கணக்கோடு காட்டினார். 1905-ல் காலமானார்.

அந்த எல்லை இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் சுற்றிப்போக வழி கிடைத்துவிட்டது. ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்து, எரியவிட்டு, 200 நானோமீட்டருக்கும் சிறியவற்றைப் பார்க்கும் முறைக்காக ஸ்டீபன் ஹெல், எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர் மூவரும் 2014-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள். செல்லுக்குள் தனித்தனிப் புரதங்களையே இன்று ஆய்வகங்களில் பார்க்கிறார்கள்.

ஜெனாவில் உள்ள அபேயின் நினைவுச்சின்னத்தில் அந்தச் சூத்திரம் இன்றும் இருக்கிறது. அவர் தொழிலாளர்களுக்குத் தந்த 8 மணி நேர வேலையோ, இன்று பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது.