குழாய் மேஸ்திரி

ஆர்கன் என்றால் நம்ம ஊர் சர்ச்சில் இருக்கிற கீபோர்டு பெட்டிதான் என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியின் ஃபிரைபெர்க் பேராலயத்து ஆர்கன் படத்தைப் பார்த்து அசந்துபோனேன். பேழை முழுக்க மரச் சிற்பம், மேலே தேவதூதர்கள், நடுவே வெள்ளியாய் மின்னும் குழாய்கள். உள்ளே இருப்பதையும் சேர்த்தால் 2,600-க்கு மேல்!

அதைச் செய்த காட்ஃப்ரீட் சில்பர்மான் 1683-ல் சாக்சனியில் ஒரு தச்சருக்குப் பிறந்தவர். டிப்ளமோ எல்லாம் கிடையாது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த அண்ணன் ஆந்திரேயாஸிடம் தொழில் கற்று, 1710-ல் ஊர் திரும்பினார். 1714-ல் இந்த ஆர்கனை முடித்தபோது வயது 31. பேழைக்கு வடிவம் வரைந்தவர் ஆலய இசைஞர் எலியாஸ் லிண்ட்னர்.

மெக்கானிக்கல்காரனான எனக்கு உள்ளே இருக்கும் வேலைதான் பிடித்தது. வெள்ளீயமும் காரீயமும் உருக்கித் தகடாக வார்த்து, வெட்டி, சுருட்டி, பற்றவைத்தால் ஒரு குழாய். நீளம் கூடினால் சுரம் இறங்கும். கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச்சட்டங்கள் இழுத்து வால்வைத் திறக்கும்; துருத்திக் காற்று குழாய்க்குள் பாயும். அன்றைக்கு மின்சாரம் ஏது? துருத்தியை ஆட்கள்தான் மிதித்தார்கள். கையால் வாசிக்க மூன்று கட்டை வரிசை, காலுக்கு ஒன்று, 44 குரல்கள்.

மனுஷர் கோபக்காரரும்கூட. தன்னிடம் பயின்ற ஹில்டெபிராண்ட் தனியே தொழில் செய்தபோது வழக்கு வரை போனார். அது எனக்கு உடன்பாடில்லை. பிறகு பியானோ செய்தார். இசைமேதை பாக் வாசித்துப் பார்த்து, மேல் சுரங்கள் பலவீனம், கட்டைகள் கனம் என்று சொல்லிவிட்டார். வைவாவில் யாராவது குறை சொன்னாலே எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. இவருக்கும் வெகுநாள் கோபம் தணியவில்லை. ஆனாலும் பாக் சொன்னது சரி என்று உள்மனசுக்குத் தெரிந்தது. விற்பதை நிறுத்திவிட்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து திருத்தினார். திருத்தியதைப் பாக் மெச்சினார். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் வாங்கிய சில்பர்மான் பியானோக்களில் 1747-ல் போட்ஸ்டாமில் வாசித்ததும் அதே பாக்தான்.

1753-ல் டிரெஸ்டன் அரண்மனை ஆலய ஆர்கன் வேலை பாதியில் நிற்க, சில்பர்மான் இறந்தார். அதை முடித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? வழக்காடிய அந்த ஹில்டெபிராண்டேதான். உலகப்போர் சமயம், 1944-ல், அதன் குழாய்களைக் கழற்றி வெளியூரில் பத்திரப்படுத்தினார்கள். 1945 குண்டுவீச்சில் பேழை எரிந்துபோனது. தப்பிய குழாய்களை வைத்து மறுபடி பூட்டிய ஆர்கன் 1971-ல் ஒலித்தது. ஃபிரைபெர்க் ஆர்கனோ 300 வருஷம் தாண்டியும் ஒலிக்கிறது.