வழக்கறிஞர் காந்தியடிகள்

எளிய மக்கள் வழக்கறிஞரை நாடிச் செல்வது பெரும்பாலும் சிறு வினாக்களுடனேயே ஆகும். கொடுத்த கடன் திரும்பவில்லை, என் செய்வது? குடியிருக்கும் மனையை விட்டு எழுந்திருக்கச் சொல்லுகிறார்கள், ஈடு கிடைக்குமா? வேலை கொடுத்தவன் அடிக்கிறான், விட்டு வந்துவிடலாமா? இவற்றுக்குச் சட்ட நூலில் விடை உண்டு. அவ்விடையைக் கேட்டு வீடு திரும்புகின்றவனுடைய வாழ்வு பின்னர் என்ன ஆகும் என்பது மட்டும் சட்ட நூலில் இராது. காந்தியடிகளை நாட்டின் தலைவராக நாம் அறிவோம். அவர் அதற்கு முன்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தகைய வினாக்களுக்கு விடை கூறி வாழ்ந்த வழக்கறிஞர்.

1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, 1888இல் இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1891ஆம் ஆண்டு சூன் திங்களில் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார். பம்பாயில் அவர் முதன் முதலாக ஏற்றது சிறு வழக்கு மன்றத்து வழக்கொன்று. அதற்குரிய ஊதியம் 30 ரூபாய். வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகருக்குப் பங்கு தரவேண்டும் என்று பலர் கூறியும் அவர் இணங்கவில்லை. வழக்கு மன்றத்திலோ எதிர்த்தரப்புச் சாட்சியை வினவ எழுந்தவருக்குக் கால்கள் நடுங்கின, தலை சுழன்றது, ஒரு வினாவும் வாயில் எழவில்லை. தம்மால் இயலாது என்று கூறிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பின்னர் இராஜ்கோட்டில் பிறருக்கு மனுக்கள் எழுதிக் கொடுத்துத் திங்கள்தோறும் 300 ரூபாய் அளவில் ஈட்டி வந்தார். வாய் திறந்து வாதாட அஞ்சிய அவ்விளைஞருக்கு மனு எழுதும் பணி நல்லதொரு பள்ளியாயிற்று என்றே கூறலாம். துன்பமுற்றவன் கோவையின்றிக் கூறும் செய்திகளைக் கேட்டு, வேண்டுவனவற்றை மட்டும் எடுத்து, ஒழுங்குற எழுதுவது எளிய கலை அன்று.

1893இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். தாதா அப்துல்லா என்னும் வணிகரின் நிறுவனம் ஓராண்டுப் பணிக்கு 105 பவுன் தருவதாக அழைத்திருந்தது. அவ்வணிகர் தம் உறவினரான தயேப் சேத் என்பவர்மீது 40,000 பவுன் கேட்டுப் பிரிட்டோரியா நகரில் வழக்குத் தொடுத்திருந்தார். வழக்கு முழுவதும் கணக்குகளையும் புரோநோட்டுக்களையும் பற்றியது. காந்தியடிகளுக்குக் கணக்கு எழுதும் முறையே தெரியாது. வெட்கப்படாமல் நூல் வாங்கிப் படித்து அதைக் கற்றார். ஏடுகளை வரிவரியாக ஆராய்ந்தார். உண்மை விவரங்களைத் தெளிவாகத் திரட்டிவிட்டால் சட்டம் தானே வந்து துணை நிற்கும் என்பதை அவர் அங்கேதான் கண்டார்.

விவரங்கள் தம் கட்சிக்காரர் பக்கமே வலுவாக இருந்தன. வழக்கை நடத்தினால் வெற்றி உறுதி. ஆயினும் வழக்கு நீண்டுகொண்டே போனால் இருவர் செல்வமும் வழக்கறிஞர்களுக்கே போய்ச் சேரும் என்று அவர் அஞ்சினார். இருவரும் ஒரே ஊரினர், உறவினர். ஆகவே இருவரையும் பலமுறை கண்டு பேசி, நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார். நடுவர், தயேப் சேத் 37,000 பவுனும் வழக்குச் செலவும் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். வேறொரு வழக்கறிஞராயின் தம் வேலை முடிந்தது என்று மகிழ்ந்திருப்பார். அத்தொகையை ஒரே முறையில் செலுத்தினால் தயேப் சேத் நொடித்துப் போவார். போர்பந்தர் மேமன் வணிகருக்கோ நொடித்துப் போவதைக் காட்டிலும் சாவே மேல். எனவே சிறு சிறு தவணைகளாகப் பல ஆண்டுகளில் பெற்றுக்கொள்ளும்படி தாதா அப்துல்லாவை இணங்க வைத்தார். நடுவரை ஏற்கச் செய்ததைவிட இதுவே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஓராண்டு முடிந்து திரும்ப இருந்தவர், நேட்டால் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்க்கும் பொருட்டு, 1894இல் டர்பன் நகரிலேயே தங்கிவிட்டார். பொதுப்பணிக்கு ஊதியம் பெறுவதில்லை என உறுதி பூண்டார். ஏறத்தாழ இருபது வணிகர் தத்தம் வழக்குகளைத் தருவதாக ஒப்பியதனால் வாழ்க்கை நடந்தது. தொழில் தொடங்கிய மூன்று நான்கு திங்களுக்குள் ஒரு நாள், பாலசுந்தரம் என்னும் தமிழர் அவர் அலுவலகத்தின் வாயிலில் வந்து நின்றார்.

அவர் ஒப்பந்தக் கூலி. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து மக்கள் கப்பல் கப்பலாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஐந்தாண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாக அவர்கள் கைந்நாட்டு வைத்திருந்தனர். பாலசுந்தரத்தின் ஆடை கிழிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயினின்று குருதி வழிந்தது. தலைப்பாகையைக் கையில் ஏந்தி, உடல் நடுங்க அழுதுகொண்டு நின்றார். வெள்ளையர் ஒருவரைக் காணச் செல்லும் கூலியாள் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கு வழக்கம். தம் நாட்டவரிடமும் அவ்வாறே நிற்கவேண்டும் போலும் என்று அவர் எண்ணிவிட்டார். காந்தியடிகள் அதைக் கண்டு மனம் புண்பட்டு, முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி வேண்டினார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் காந்தியடிகள் கண்டுகொண்டார்.

அலுவலகத்தில் தமிழர் ஒருவர் எழுத்தராக இருந்தமையால் வந்தவர் குறையை அறிய முடிந்தது. டர்பன் நகரில் பேர்பெற்ற வெள்ளைக்கார முதலாளி ஒருவர் சினம் மிகுந்து அடித்ததன் விளைவே அது. காந்தியடிகள் உடனே அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்தைப் பற்றிச் சான்று பெற்றார். பின்னர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று வாக்குமூலம் கொடுக்கச் செய்தார். மாஜிஸ்திரேட்டு அதைப் படித்துச் சினங்கொண்டு முதலாளிக்கு அழைப்பாணை பிறப்பித்தார்.

பாலசுந்தரத்தின் வினா ஒன்றே. இனி அந்த முதலாளியிடம் வேலை செய்ய இயலாது, விட்டுவிடலாமா? சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால் முதலாளி உரிமையியல் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம், அவ்வளவே. ஒப்பந்தக் கூலி அவ்வாறு விட்டால் அது குற்றம்; அவனைச் சிறையில் இடுவர். பாலசுந்தரம் வெளியேறினால், பல் உடைந்தவரே சிறை செல்ல நேரும். அவரை விடுவிக்க இரண்டு வழிகளே இருந்தன. ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் என்னும் அரசு அதிகாரி ஒப்பந்தத்தை நீக்கலாம், அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். இன்றேல் முதலாளியே மனமிசைந்து விடுவிக்கலாம். காந்தியடிகள் முதலாளியை நேரில் கண்டு, அவரைத் தண்டிக்கச் செய்வது தம் நோக்கமன்று என்றும், ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றும் கூறினார். அவர் இணங்கினார். புதிய முதலாளியைக் காந்தியடிகளே தேடித் தரவேண்டும் என்றார் பாதுகாவலர். இந்தியர் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராமையால், தமக்குத் தெரிந்த ஐரோப்பியர் ஒருவரை அவர் கேட்டு இசைவித்தார். மாஜிஸ்திரேட்டு பழைய முதலாளியைக் குற்றவாளி எனத் தீர்மானித்து, அவர் ஒப்பந்தத்தை மாற்றித் தர இசைந்ததையும் பதிவு செய்தார்.

இச்செய்தி தோட்டந்தோறும் பரவிற்று. சென்னை வரையிலும் எட்டிற்று. தமக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த கூலிகள் அவரை நாடி வரலாயினர். அவர்களுள் பலர் தமிழர். ஆகவே காந்தியடிகள் தமிழ் கற்க முற்பட்டார். பிற்காலத்தில் சிறையிலும் போப் ஐயரின் தமிழ் நூலை வைத்துக்கொண்டு அம்முயற்சியைத் தொடர்ந்தார். ஒப்பந்தம் முடிந்தபின் அந்நாட்டில் தங்கும் கூலி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 பவுன் வரி செலுத்த வேண்டும் என நேட்டால் அரசாங்கம் எண்ணியது. இந்திய அரசாங்கத்தின் இசைவுக்குப் பின் அது 3 பவுனாகக் குறைந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் என்றால் 12 பவுன்; அக்கணவனுடைய திங்கள் வருவாயோ 14 ஷில்லிங்குக்கு மேற்படாது. தனி ஒருவருடைய வினாவுக்கு விடை தேடப்போய், சட்டமே தவறானது என்ற முடிவுக்கு வழக்கறிஞர் வந்து சேர்ந்த இடம் இது. அவ்வரி 1914இல்தான் நீங்கியது.

1903இல் அவர் ஜோகன்னஸ்பர்க் நகரில் தொழில் நடத்தினார். அங்கே இந்தியர் வாழ்ந்த ஒதுக்கிடத்தில் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை பெற்றவர் பலர் இருந்தனர். நகரசபை அம்மனைகளை எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. சபை தரும் ஈட்டுத் தொகையை ஏற்காதவர் தனி நீதிமன்றத்தில் முறையிடலாம். அவர்களுள் பெரும்பாலோர் காந்தியடிகளை அமர்த்தினர். வென்றாலும் தோற்றாலும் குத்தகை ஒன்றுக்கு 10 பவுன் போதும் என்றும், வென்ற வழக்கில் நீதிமன்றம் அளிக்கும் செலவுத் தொகை தமக்கு உரியது என்றும் அவர் முன்கூட்டியே கூறிவிட்டார். தாம் பெறுவதில் பாதியை ஏழைகளுக்கான மருத்துவமனை போன்றதொரு பணிக்கு ஒதுக்கவும் கருதினார். ஏறத்தாழ 70 வழக்குகளில் ஒன்றே தோற்றது.

1904இல் அங்குப் பிளேக் நோய் பரவியபோது, அவ்விடத்தைத் தீக்கிரையாக்க அதிகாரிகள் முடிவு செய்தனர். மக்களோ தம் பணத்தை மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். வங்கி என்றால் என்ன என்று அவர்கள் அறியார். அறிந்தது காந்தியடிகளை மட்டுமே. தோண்டி எடுத்த செம்பு, வெள்ளி நாணயங்களைக் கொண்டுவந்து அவரிடம் கொட்டினர். அவர் வங்கி மேலாளரிடம் பேசி, நாணயங்களை நோய்க் கிருமி நீக்கி அனுப்ப ஏற்பாடு செய்தார். அவ்வாறு சேர்ந்த தொகை 60,000 பவுனுக்கு அண்மையில் இருந்தது என்பர். ஒரு வழக்கறிஞரின் மீது ஏழை மக்கள் வைத்திருந்த நம்பிக்கைக்கு இதனினும் பெரிய கணக்கு வேண்டுமோ?

அந்நம்பிக்கைக்கு அடிப்படை, அவர் பொய் வழக்கை ஏற்காமையே. ஒருமுறை மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் சாட்சி விசாரணை நடக்கும்போது, தம் கட்சிக்காரர் தம்மை ஏமாற்றியிருப்பதை அவர் உணர்ந்தார். அவ்விடத்திலேயே எழுந்து வழக்கைத் தள்ளிவிடும்படி வேண்டினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திகைத்துப் போனார்.

இதனினும் கடினமான சோதனை ஒன்று வந்தது. பார்சி ருஸ்தம்ஜி என்பவர் டர்பன் நகரத்து வணிகர். அவருடைய உற்ற நண்பர். அவர் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்குகளை வரவழைத்து, அவற்றுள் சிலவற்றைச் சுங்கவரி கட்டாமல் கடத்தி வந்தார். ஒருநாள் அது வெளிப்பட்டுவிட்டது. அவர் கண்ணீருடன் காந்தியடிகளிடம் ஓடிவந்து, தாம் செய்ததை மறையாது கூறிக் காப்பாற்றும்படி வேண்டினார். வேறொரு வழக்கறிஞரையும் கலந்தனர். நேட்டால் ஜூரிகள் இந்தியரை விடுவிப்பது அரிது என்று அவர் கூறினார்; ஆயினும் நம்பிக்கையை முற்றும் கைவிடவில்லை. காந்தியடிகள் வழக்காடும் வழியையே விரும்பவில்லை. சுங்க அதிகாரியிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, விதிக்கும் தண்டத்தைக் கட்டவேண்டும். ஏற்காவிடின் சிறை செல்லவும் ஒருப்படவேண்டும். சிறையில் இழிவில்லை, களவிலேயே இழிவு உளது என்று எடுத்துரைத்தார். ஊரில் பெருமதிப்புடன் வாழ்ந்த ருஸ்தம்ஜிக்கு அம்மொழி எத்துணைக் கசப்பாக இருந்திருக்கும்! அவரை நேசித்த வழக்கறிஞருக்கும் அதைக் கூறுவது எளிதாக இருந்திராது. எனினும் ருஸ்தம்ஜி இணங்கினார். காந்தியடிகள் சுங்க அதிகாரியையும் அரசு தலைமை வழக்கறிஞரையும் கண்டு ஏடுகள் அனைத்தையும் முன்வைத்தார். ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இருமடங்கு தண்டம் செலுத்துவதோடு வழக்கு நின்றது. ருஸ்தம்ஜி அந்நிகழ்ச்சி முழுவதையும் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டு, தம் பின்னோரும் உடன்வணிகரும் காணும்படி அலுவலகச் சுவரில் தொங்கவிட்டார்.

1914இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொள்ளவில்லை. ஆயினும் 1917இல் பீகாரிலுள்ள சம்பாரண் மாவட்டத்தில் உழவர்கள் தம் குறைகளோடு அவரைச் சூழ்ந்துகொண்டனர். அங்கே நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் உழவர் கட்டாயமாக அவுரி பயிரிட வேண்டியிருந்தது. பாட்னா வழக்கறிஞர்கள் அவ்வுழவருக்காக வாதாடி வந்தனர். அவர்கள் வாங்கிய ஊதியத்தின் அளவு காந்தியடிகளைத் திடுக்கிடச் செய்தது. அச்சத்தால் நசுங்கிக் கிடக்கும் மக்களுக்கு நீதிமன்றம் பயன்படாது. முதலில் அச்சம் நீங்கவேண்டும் என்று அவர் கருதினார். பிரசகிசோர் பிரசாத், இராசேந்திர பிரசாத் முதலிய வழக்கறிஞர்களை எழுத்தர்களாக அமர்ந்து உழவரின் வாக்குமூலங்களை எழுதச் செய்தார். ஒவ்வோர் உழவரையும் குறுக்கு வினாக்களால் நன்கு சோதித்த பின்னரே எழுதவேண்டும் என்பது கட்டளை. கூற்றில் ஐயம் எழுந்தால் அது நீக்கப்பட்டது. அரசாங்கத்தின் இரகசியப் போலீசார் அருகிலேயே அமர்ந்திருந்தனர். அவர்கள் கண் எதிரிலேயே உழவர்கள் வாய் திறந்து பேசினர். பின்னர் அமைந்த விசாரணைக் குழுவில் காந்தியடிகளும் ஓர் உறுப்பினர். தோட்ட முதலாளிகள் முறையின்றிப் பெற்ற பணத்தில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தனர். 1918இல் இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டாயப் பயிர்முறையை ஒழித்தது.

1922ஆம் ஆண்டு ஆமதாபாத்தில் அரசாங்கம் அவரைக் கைது செய்து வழக்குத் தொடுத்தபொழுது, தம் தொழில் உழவும் நெசவும் என்றே அவர் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் சட்டக் கழகம் தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டது. அப்பெயர் மீண்டும் அதில் இடம் பெற்றது 1988இல்.