பாலைநிலத்தைப் பெருக்கிய அம்மையார்

மாலை வேளைகளில் சங்குமுகம் கடற்கரையில் கூடியிருந்து பேசுவது நம் மன்றத்து நண்பர்களின் வழக்கம். அங்கே அலையைப் பார்த்திருப்போர் சிலர். தலைக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும் விமானத்தைப் பார்த்திருப்போர் சிலர். நான் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன். கையில் பொருள் இருந்தால் எங்கே பறந்து செல்வது என்று ஒருநாள் பேச்சு எழுந்தது. இமயம் என்றார் ஒருவர். பாரிசு என்றார் மற்றொருவர். நான் நாஸ்கா என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். அப்படி ஓர் ஊரின் பெயரையே அவர்கள் கேட்டதில்லை.

நாஸ்கா, தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தென்பகுதியில் உள்ள பாலைநிலத்து ஊர். அதனையடுத்த வறண்ட சமவெளியில் மாபெரும் சித்திரங்கள் நிலத்திலேயே வரையப்பட்டுள்ளன. 93 மீட்டர் நீளமுள்ள தேன்சிட்டு, சுமார் 46 மீட்டர் நீளமுள்ள சிலந்தி, வாலைச் சுருட்டிய குரங்கு, கிலோமீட்டர்க் கணக்கில் ஓடும் நேர்கோடுகள் என அவை பலவகை. கி.மு. 500 முதல் கி.பி. 500 வரையில் அங்கு வாழ்ந்த மக்கள் வரைந்தவை அவை. அவர்கள் மை கொண்டு வரையவில்லை. இரும்புத் துரு ஏறிக் கருஞ்சிவப்பான மேற்கற்களை நீக்கினார்கள். அடியிலிருந்த வெளிர்நிற மண் கோடாகத் தெரிந்தது. அவ்வளவே! மழை அங்கே பெய்வதே அரிது. ஆதலால் கோடுகள் அழியவில்லை. இவற்றைக் காணச் சிறு விமானத்தில் அரைமணி நேரம் அழைத்துச் செல்வார்கள். இருபுறத்தாரும் பார்க்கும்படி விமானம் ஒவ்வொரு சித்திரத்தின் மேலும் இடமும் வலமுமாகச் சாய்ந்து வட்டமிடும்.

அந்த அரைமணி நேரமே என் ஆசையாக இருந்தது. பின்னர் நூலகத்தில் மரியா ரைகே அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன். அதன்பின் என் ஆசை வெட்கமாக மாறியது. ஏன் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

அம்மையார் 1903 மே 15 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். கணிதமும் புவியியலும் பயின்றார். 1932-இல் பெரு நாட்டின் கூஸ்கோ நகரில் இருந்த ஜெர்மன் துணைத்தூதரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. தன்னந்தனியாகக் கடல் கடந்து வந்தார். அங்கே ஒரு காயம் அழுகியதால் ஒரு கைவிரலை இழந்தார். பின்னர்த் தலைநகர் லீமாவில் மொழி கற்பித்தும் மொழிபெயர்த்தும் வயிறு வளர்த்தார்.

கோடுகளை முதலில் கண்டவர் அவரல்லர். 1927-இலேயே பெரு நாட்டு ஆய்வாளர் மெஹியா செஸ்பே அவற்றைக் கண்டிருந்தார். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேராசிரியர் பால் கோசோக், ஜூன் மாதத்தின் மிகக் குறுகிய பகலன்று, ஒரு கோட்டின் முனையில் கதிரவன் மறைவதைக் கண்டு வியந்தார். அவருக்கு மொழிபெயர்த்து உதவியவர் நம் அம்மையார். போர்க்காலத்தில் ஜெர்மன் நாட்டினர் விருப்பம்போல் பயணம் செய்ய இயலவில்லை. போர் முடிந்ததும், 1946 முதல், அவர் அச்சமவெளியே கதி என்றானார்.

அவரிடம் இருந்த கருவிகள் எவை? ஓர் ஏணி, ஓர் அளவு நாடா, ஒரு திசைகாட்டி, ஒரு துடைப்பம். காற்றில் படிந்த புழுதியையும் கற்களையும் விலக்கி, கோட்டைத் துலக்கி, அளந்து, தாளில் வரைந்தார். பாலைவனத்தைப் பெருக்கும் பெண்ணைக் கண்ட ஊரார் அவருக்குப் பித்து என்று நினைத்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. விமானப்படையின் உதவியோடு வானிலிருந்து படங்கள் எடுத்தார். ஹெலிகாப்டரின் வெளிப்புறத்தில் தம்மைக் கட்டிக்கொண்டு படம் எடுத்த துணிவும் அவருக்கு இருந்தது. 1949-இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார்.

1950-களில் அச்சமவெளிக்கு நீர் பாய்ச்சிப் பயிரிடத் திட்டம் எழுந்தது. நீர் வந்தால் சித்திரம் போகும். அம்மையார் வாதாடித் தடுத்தார். முன்பே நெடுஞ்சாலை ஒன்று பல்லியின் உருவத்தை வெட்டிக்கொண்டு சென்றுவிட்டது. வேற்றுலக மனிதர் இறங்கிய தளம் இது என்று 1968-க்குப் பின் கதை பரவியதும், வேடிக்கை பார்ப்போர் வண்டியோடு உள்ளே நுழைந்தார்கள். மழையில்லாத அந்நிலம் பழங்கோட்டைக் காப்பது போலவே நேற்றைய சக்கரத் தடத்தையும் காக்கும். எனவே அம்மையார் தம் நூல் விற்ற பணத்தில் காவலாட்களை அமர்த்தினார். 1976-இல் சாலையோரத்தில் ஒரு பார்வைக் கோபுரம் எழுப்பச் செய்தார். மக்கள் காலால் மிதியாமல் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் நோக்கம்.

ஒன்றை மறைக்கலாகாது. கோடுகள் யாவும் வானநூல் நாட்காட்டி என்பது அம்மையாரின் கொள்கை. அதனை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஜெரால்டு ஹாக்கின்ஸ் என்பவர் 1968-இல் கணக்கிட்டுப் பார்த்தார். விண்மீன்களோடு கோடுகள் பொருந்துவது தற்செயலுக்கு மேற்பட்டதன்று என்று கண்டார். நீரை வேண்டும் சடங்குகளோடும், கோட்டின் மீது நடந்து செல்லும் வழிபாட்டோடும் தொடர்புபடுத்துவோர் பின்னர் வந்தனர். கொள்கை நிற்கவில்லை, ஆனால் கோடுகள் நின்றன. அவற்றை நிற்க வைத்ததில் அவர் பங்கு பெரிது. அவர் காத்து வைத்ததனால் அன்றோ பிறர் அவரை மறுக்கவும் முடிந்தது! 2024-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவின் துணையால் மேலும் 303 உருவங்களைக் கண்டறிந்தனர்.

1994-இல் யுனெஸ்கோ நாஸ்காவை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அப்போது அம்மையாருக்குப் பார்வை பெரிதும் மங்கிவிட்டது, நடையும் போயிற்று. வாழ்நாளெல்லாம் துலக்கிய கோடுகளை அவரால் காண இயலவில்லை. 1998 ஜூன் 8 அன்று, 95-ஆம் வயதில், லீமாவில் மறைந்தார். நாஸ்காவில் அவர் வாழ்ந்த இல்லத்தருகே அடக்கம் செய்தார்கள்.

இனி என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கருகே சமணர் படுக்கைகள் கொண்ட குன்று ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும்போது, ஆணி ஒன்றால் அப்பாறையில் என் பெயரைச் செதுக்கினேன். என்னோடு வந்தவர்கள் கைதட்டினார்கள். சென்ற விடுமுறையில் ஏறிப் பார்த்தேன். பெயர் அப்படியே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் உளி கொண்டு வழவழப்பாக்கிய படுக்கையின் தலைமாட்டில், கோணல் எழுத்தில் நான்! ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. எங்கிருந்தோ வந்த ஓர் அம்மையார் பிறர் முன்னோரின் கோட்டைத் துடைப்பத்தால் துலக்கினார். நானோ என் முன்னோரின் பாறையை ஆணியால் கீறினேன்.

நண்பர்களே, நாஸ்கா தொலைவில் இருக்கிறது. ஆனால் நாம் வாழும் இக்கேரளத்திலேயே வயநாட்டில் எடக்கல் இருக்கிறது. 1890-களில் போலீஸ் அதிகாரி ஃபாசெட் உலகுக்கு அறிவித்த குகை அது. அதன் பாறைச் சுவர்களில் மிகப் பழைய உருவங்கள் உள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. அடுத்த சுற்றுலாவுக்கு மன்றம் அங்கே செல்ல வேண்டுமென்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏணியும் அளவு நாடாவும் வேண்டாம். குறிப்பேடும் பென்சிலும் போதும். ஆணி மட்டும் யார் பையிலும் இருக்க வேண்டாம். முதலில் என் பையையே சோதித்துக் கொள்ளலாம்.